பார்க்கவும் மணி அடிக்க வேண்டுமா?



என்னோடு வேலை பார்த்த டீச்சரைப் பார்க்க ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். "பார்வை நேரம் முடிஞ்சுது சார்" என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். மாடி ஜன்னலிலிருந்து அவர் கையசைத்தார்.

2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் என்று பராமரிப்பை எண்ணிச் சொல்கிறது. கைவிட்டால் 3 மாதம் வரை சிறை என்கிறது. பேச்சுத்துணையைச் சொல்லவில்லை.

இல்லத்துக்கு ஒழுங்கு வேண்டும்தான். ஆனால் முதியவருக்குத் துணை என்பது சலுகை இல்லை, உரிமை.

மாதாமாதம் பணம் கட்டும் பிள்ளைகளே, அடுத்த ரசீது வாங்கும்போது கேளுங்கள்: "அம்மா படுக்கையில் விழுந்தால் இரவும் பகலும் பக்கத்தில் ஒருவர் இருக்க விடுவீர்களா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிறகு நீங்களே போய் உட்காருங்கள். இதுதான் வீட்டுப்பாடம்.