சொருகினால் போதுமா?

"டிஜிட்டல்தானே சார், வந்தா வரும், வராட்டி வராது. வோல்டேஜ் எதுக்குப் பார்க்கணும்?" ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மைக்செட் போடும் தம்பிகள் பலருக்கு இதுதான் வேதவாக்கு. நான் ஒப்ப மாட்டேன்.

கம்பியில் ஓடுவது எண் அல்ல, மின்னழுத்தம். அதை 0, 1 என்று படிப்பது வாங்கும் கருவி. சோனியும் பிலிப்ஸும் வீட்டு உபயோகத்துக்கு வகுத்த எஸ்/பிடிஐஎஃப் முறையில் சுமார் அரை வோல்ட், 75 ஓம். ஸ்டூடியோவுக்கான ஏஇஎஸ்3 முறையில் 2 முதல் 7 வோல்ட், 110 ஓம். உள்ளே போகும் தகவல் பெரும்பாலும் ஒன்றே என்பதால் பின்னை மாற்றிச் சொருகிவிடுகிறார்கள். குட்டைக் கேபிளில் பாடும். நீளக் கேபிளில் 'டிக் டிக்' என்று வெட்டும். 7 வோல்ட்டை அரை வோல்ட் கருவியில் விட்டால் கருவிக்கே ஆபத்து.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் கணக்குக்கு 'அ ப்யு ப்ரே', அதாவது 'சுமாரா இவ்வளவு', என்று விடை எழுதினால் முட்டைதான். இங்கே அதற்குக் கூலியும் கொடுக்கிறோம்!

ஆண்டாள் பிறந்த ஊரில், மார்கழி விடியலில், பாசுரத்தின் நடுவே ஒரு சொல் விழுங்கப்பட்டால் பழி யாருக்கு? பாடினவருக்கு. இரண்டையும் பொருத்தும் சின்ன டிரான்ஸ்பார்மர் கடையில் கிடைக்கிறது. அதை வாங்கிப் போடுங்கள், தம்பிகளே!