மறுப்புக்கு மேல் ஒரு வாசல்

தோல் தொழிற்சாலையின் ஒரு நாள் கூலியை இழந்து, ஆட்டிசம் உள்ள பிள்ளையை அணைக்கட்டிலிருந்து வேலூருக்கு அழைத்துச் செல்லும் தாயை எண்ணிப் பாருங்கள். அத்தாட்சிப் பத்திரம் கிடையாது என்று சொல்லிவிட்டால், கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறாள். அங்கேதான் நமக்கு ஆட்சேபம்.

1995-ஆம் வருஷச் சட்டம் கூறிய ஏழு குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் வருஷச் சட்டம் அதனையும் சேர்த்து 21 ஆக்கிற்று. அத்தாட்சி பற்றிய முடிவால் பாதிக்கப்பட்டவர், ராஜ்ய சர்க்கார் நியமிக்கும் மேலதிகாரியிடம் அப்பீல் செய்யலாமென்று அதன் 59-ஆம் பிரிவு சொல்கிறது. மறுக்கும் வாய் இதைச் சொல்ல மறந்துவிடும் போலும்!

சலுகைகள் பலவற்றுக்கு நூற்றுக்கு 40 என்ற அளவு வேண்டும். ஆட்டிசமோ முகத்தில் எழுதியிருப்பதில்லை. பிள்ளை அன்று சாந்தமாய் உட்கார்ந்திருந்தால் பரீட்சிப்பவருக்கு என்ன விளங்கும்? இதற்கென ஏற்பட்ட இந்திய அளவுகோலில் 40 அம்சங்கள் உண்டு. அவசரத்தில் பார்க்கக்கூடியவை அல்ல. ஆகையால் மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரவு உறக்கமின்மை, பேச்சுத் தடை, உபாத்தியாயர் வகுப்பில் கண்டது ஆகியவற்றைத் தேதியோடு குறித்து அப்பீலுடன் சேருங்கள். ரசீது வாங்க மறவாதீர்கள்.