176 பெரிதா, 152 சிறிதா?

குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தால் போடிநாயக்கனூர்ப் பக்கம் ஒரு பேச்சு அடிபடும். "நம்ம எம்.எல்.ஏ. ஓட்டுக்கு 176 மதிப்பு. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் உடும்பன்சோலை எம்.எல்.ஏ.வுக்கு வெறும் 152. கேரளாக்காரனைவிட நமக்குத்தான் மவுசு" என்பார்கள். கூடவே, "ஜனங்க ஓட்டுக்கும் அந்தத் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம்? கொறடா சொன்ன ஆளுக்குப் போட்டுட்டு வரப்போறாங்க" என்பதும் வரும். இந்தப் பேச்சில் எண்களைத் தவிர எதுவுமே சரியில்லை.

முதலில் 176. இது எம்.எல்.ஏ.வின் தகுதிக்குக் கொடுத்த மதிப்பெண் அல்ல. அரசியல் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்லும் வகுத்தல் கணக்கு இது. 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 4,11,99,168. அதை 234 எம்.எல்.ஏ.க்களுக்குப் பங்கிட்டு, வருவதை ஆயிரத்தால் வகுத்தால் 176. கேரளத்தின் 2,13,47,375 பேரை 140 ஆல் பங்கிட்டு அதேபோல வகுத்தால் 152. அதாவது, இரு பக்கமும் ஆயிரம் பேருக்கு ஒரு வாக்குதான். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. கூடுதல் ஆட்களைச் சுமக்கிறார், அதனால் எண் கூடுகிறது. ஏலக்காய் ஏலத்துக்கு வரும் இரண்டு மூட்டைகளில் ஒன்று கனமாக இருந்தால், அதிலுள்ள காய் ஒவ்வொன்றும் பருமன் என்று எந்த வியாபாரியும் முடிவு கட்டமாட்டார்.

கணக்கை இன்னும் ஒரு படி தள்ளிப் பார்த்தால் பெருமை தலைகீழாகிவிடும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். எம்.எல்.ஏ.க்களின் வாக்கு மதிப்பு எல்லாம் சேர்த்து 41,184. ஒரு வாக்குக்குச் சுமார் 1,750 பேர். கேரளத்தில் 3.34 கோடிப் பேருக்கு 21,280. ஒரு வாக்குக்குச் சுமார் 1,570 பேர். விடியற்காலையில் போடியில் ஜீப் ஏறி, முந்தல் தாண்டி, மலைப்பாதை வளைவுகளைக் கடந்து பூப்பாறை ஏலத்தோட்டத்துக்குக் களையெடுக்கவும் காய் பறிக்கவும் போகிறார்களே, அந்தத் தொழிலாளர்களைவிட அங்கேயே குடியிருந்து வாக்களிப்பவருக்குத்தான் இந்தக் கணக்கில் எடை சற்று அதிகம். 1971-க்குப் பிறகு கேரளத்தின் மக்கள்தொகை நம்முடையதைவிட மெதுவாக வளர்ந்ததே காரணம். இதே கணக்கில் உத்தரப் பிரதேசத்தில் ஒரு வாக்குக்குச் சுமார் 2,380 பேர்.

மக்கள் ஓட்டுக்குச் சம்பந்தமே இல்லை என்ற வாதமும் நிற்காது. சம்பந்தம் இருக்கிறது, ஆனால் கோணலாக இருக்கிறது. நான் கவலைப்படுவது அந்தக் கோணலைப் பற்றித்தான். 2022 தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது போடி எம்.எல்.ஏ. ஓ.பன்னீர்செல்வம். போடியை உள்ளடக்கிய தேனித் தொகுதியின் எம்.பி. அவருடைய மகன் ப.ரவீந்திரநாத். தந்தையின் எம்.எல்.ஏ. வாக்குக்கு மதிப்பு 176, மகனின் எம்.பி. வாக்குக்கு 700. ஆக, போடி வாக்காளரின் பெயரால் பதிவாக வேண்டிய 876-ம் ஒரே வீட்டில் இருந்தது. 2019-இல் ரவீந்திரநாத் பெற்றது ஐந்து லட்சத்துச் சொச்சம் வாக்குகள். அவரிடம் தோற்ற ஈ.வி.கே.எஸ். இளங்கோவனும் தங்க தமிழ்ச்செல்வனும் பெற்றதைக் கூட்டினால் அதைவிட அதிகம். 2021-இல் போடியில் பன்னீர்செல்வத்திடம் தங்க தமிழ்ச்செல்வன் தோற்றது சுமார் 11 ஆயிரம் வாக்கில். தோற்றவர்களுக்கு விழுந்த லட்சக்கணக்கான வாக்குகளில் ஒன்றுகூட டெல்லி போய்ச் சேரவில்லை. வென்றவருக்கே முழு மதிப்பும் போய்விடுகிறது.

அமெரிக்காவிலும் இதே ஓட்டைதான். 2016-இல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாக வாங்கியும் டிரம்ப் அதிபரானார். அங்கே பெரும்பாலான மாநிலங்களில், மாநிலத்தை வென்றவருக்கே அதன் தேர்வாளர் வாக்குகள் அத்தனையும்.

எம்.பி. கணக்கில் இன்னொரு கோணல். 2022-இல் எல்லா எம்.பி.க்கும் ஒரே மதிப்பு, 700. பதினைந்து லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள் உள்ள தேனிக்கும் 700. அறுபதாயிரம் வாக்காளர்கூட இல்லாத லட்சத்தீவுக்கும் 700. ஏற்றத்தாழ்வைத் தேடுகிறவர்கள் 176-ஐயும் 152-ஐயும் விட்டுவிட்டு இங்கே பார்க்கட்டும்.

கொறடா விஷயத்தைச் சுருக்கமாகவே முடிக்கலாம். இந்தத் தேர்தலில் கொறடா உத்தரவு செல்லாது, வாக்கு ரகசியம். 1969-இல் காங்கிரஸின் வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி, மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார் இந்திரா காந்தி, எதிர்த்து நின்ற வி.வி.கிரி வென்றார். 2022-இல் கேரள எம்.எல்.ஏ.க்கள் 140 பேரில் ஒருவர் மட்டும் திரௌபதி முர்முவுக்கு வாக்களித்தார். அது யார் என்று அந்த வாக்குச்சீட்டு சொல்லாது.

இந்த 176 நிலையான எண்ணும் அல்ல. குடும்பக் கட்டுப்பாட்டைச் செம்மையாக நடத்திய மாநிலங்கள் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்றுதான் 1976-இல் 42-ஆவது திருத்தம் 1971 எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. 2001-இன் 84-ஆவது திருத்தம் அந்த ஏற்பாட்டை, 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரை நீட்டித்தது. அது வெளியானதும், 234 இடங்களே தொடர்ந்தால், நம் எம்.எல்.ஏ.வின் எண் ஏறும். 2011 மக்கள்தொகையை வைத்துப் போட்டாலே 308 வருகிறது. "இரண்டு மடங்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம்" என்று யாராவது மேடையில் சொல்லக்கூடும். அப்போது உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வின் எண் என்ன என்று கேளுங்கள்: 208-இலிருந்து 496. இன்று அவர்களுடைய மொத்த மதிப்பு நம்முடையதைப் போல இரண்டு மடங்கு. அந்தக் கணக்கில் அது இரண்டே முக்கால் மடங்கு. சட்டமன்றத்தில் இடங்களைக் கூட்டினாலும் இது மாறாது. பங்கிடும் தலை கூடுமே தவிர மாநிலத்தின் மொத்தம் மக்கள்தொகையைத்தான் பொறுத்தது. ஆகவே எம்.எல்.ஏ.வின் எண்ணை விட்டுவிட்டு, 41,184 என்ற மாநில மொத்தம் நாட்டின் மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதைக் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.