கட்டும் கூடலும்

தசையெல்லாம் உதறி எலும்புருவே போதுமென்று வேண்டிப் பெற்ற காரைக்காலம்மையார் தங்கிய ஊர் நமது திருவாலங்காடு. இங்கே எலும்புக்கு மரியாதை குறைவில்லை. ஆயினும், நம் வகுப்புப் பையன் ஒருவன் புளிய மரத்திலிருந்து விழுந்து முன்கையை முறித்துக்கொண்டபோது, அவன் வீட்டில் பெரிய வாக்குவாதம் எழுந்தது.

"அரக்கோணத்தில் ரயில் மாறினால் புத்தூர். கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம், ஸார்" என்றார் பாட்டனார். தகப்பனாரோ திருவள்ளூர் ஆஸ்பத்திரிதான் என்றார். இருவரும் நம் முகத்தைப் பார்த்தார்கள்.

புத்தூர்க் கட்டை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். பச்சிலை, முட்டை வெண்கரு, மூங்கில் தப்பை, துணி ஆகியவற்றைக் கொண்டு தலைமுறைகளாக அங்கே கட்டி வருகிறார்கள். வெண்கரு உலர்ந்தால் துணி விறைத்து நிற்கும். மாவுக்கட்டு செய்வதும் அதுவே, அசையாமல் காப்பது. கூட்டுகிற வேலை எலும்பினுடையது.

முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அங்கே நாரும் குருத்தெலும்பும் படர்ந்து முனைகளைப் பிணைக்கின்றன. பிறகு சுண்ணச் சத்து ஏறிக் கெட்டிப்படுகிறது. வளர்ந்தவர்களுக்குத் தொடை எலும்பானால் மூன்று, நான்கு மாதங்கள் கூட ஆகும். சிறுவர்களுக்கு விரைவிலேயே கூடிவிடும். இவ்வளவும் கொத்தன் பூச்சுத்தான். அதன் பின்னரே சிற்பி வருகிறான். வேண்டாத மேட்டைக் கரைத்து, பாரம் விழுமிடத்தில் கனம் சேர்த்து, மாதக் கணக்காக, சில சமயம் வருஷக் கணக்காகச் செதுக்குகிறான். சுமைக்கேற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும் இந்த விதியை ஜெர்மானிய வைத்தியர் ஜூலியஸ் உல்ஃப் 1892-ல் நூலாக எழுதினார். வளரும் பிள்ளைகளுக்குச் சிறு வளைவு தானே நிமிர்வதுண்டு. முறுக்கிக் கூடிய எலும்போ அப்படித் திருந்துவதில்லை. ஆகவேதான் எக்ஸ்-ரே பார்த்துக் கட்டுவது நலம்.

அதைவிட முக்கியம், கட்டின் இறுக்கம். விரல்கள் வீங்கி மரத்து, நீட்டினால் உயிர் போகிற வலியென்றால், பொழுது விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. உடனே கட்டைத் தளர்த்தி டாக்டரிடம் ஓட வேண்டும். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். "வலித்தால்தான் கூடும்" என்று யாரோ சொன்னதை நம்பி ஓரிரவு பொறுத்திருந்த நம் பழைய மாணவனொருவன், இன்று மடங்கிய விரல்களோடு இடக் கையால் கையெழுத்திடுகிறான். எலும்பு என்னவோ நன்றாகவே கூடியிருக்கிறது! நாம் தகப்பனார் பக்கம் பேசியதற்குக் காரணம் அந்தக் கைதான்.

பையன் திருவள்ளூருக்கே போனான். ஆறு வாரம் மாவுக்கட்டு. பாட்டனாருக்குக் கோபம் தணிந்ததா என்பது தெரியவில்லை. தினம் ஒரு முட்டை வேகவைத்துக் கொண்டுவந்து, "வெளியேதான் பூசவில்லை, உள்ளேயாவது போகட்டும்" என்று பேரனுக்கு ஊட்டிவிட்டுப் போகிறார்.