பாம்புக்கும் குளிர்பெட்டியா?

அமெரிக்காவில் ‘கார்ன் ஸ்நேக்’ என்னும் நஞ்சற்ற பாம்பை வளர்ப்போர், இனப்பெருக்கத்தின் பொருட்டு அதைக் குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதங்கள் முடங்க வைப்பதுண்டு. (உறக்கம் என்பது பொருந்தாது, இடையிடையே எழுந்து தண்ணீர் குடிக்கும்.) இதற்கெனத் தனிக் குளிர்பெட்டி வாங்குவது வீண் ஆடம்பரம் என்பேன். கனடா நாட்டு மானிடோபாவில், நார்சிஸ் என்னுமிடத்தில், ஆயிரக்கணக்கான கார்ட்டர் பாம்புகள் உறைபனி எட்டாத சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவற்றுக்கு எந்த மின்சாரம்? சூடேற்றாத நிலவறையில் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் மாறாமல் நின்றால் போதும். காசு செலவிட வேண்டியது நல்ல வெப்பமானிக்கே! முன்கூட்டி இரண்டு வாரமேனும் இரையை நிறுத்தாவிடில், செரியாத இரை குளிரில் வயிற்றிலேயே அழுகிப் பாம்பைக் கொன்றுவிடக்கூடும். மெலிந்ததை முடங்க வைப்பதோ கொடுமை. குஞ்சு வேண்டாதவர்க்கு இவ்வேலையே தேவையில்லை. அவர்கள் பாம்பு இளஞ்சூட்டிலேயே நலமாக இருக்கும்.