மலிவான வாடகை

சேலத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு ராசிபுரத்தில் குடியிருப்பதுதான் புத்திசாலித்தனம் என்பார் என் சிநேகிதர் ஒருவர். "வாடகை பாதி, வாசலில் வேப்பமரம், சோற்றுக்கு நல்ல நெய். வேறென்ன சார் வேண்டும்?" நெய் விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. வாடகைக் கணக்கில்தான் சண்டை.

விடிவதற்கு முன்பே அவர் மனைவி அடுப்பைப் பற்றவைத்தாக வேண்டும். மனிதர் மல்லூர் வழியாக ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புகிறார். இரவில் சில வண்டிகள் ஊருக்குள் வராமல் ஆண்டகளூர் கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். குழந்தைக்கு அப்பா என்பவர் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. மிச்சம் பிடித்த வாடகையில் இதற்கெல்லாம் எவ்வளவு கழிப்பது?

மலிவான இடத்தில் குடியிருப்பது தப்பென்று நான் சொல்லவில்லை. சென்னையில் 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதை நம்பித்தான் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் குமாஸ்தாக்கள் குடியேறினார்கள். ராசிபுரத்துக்கு ரயில் வந்ததே 2013இல், சேலம்–கரூர் பாதையில். பத்து நிமிஷத்துக்கொரு வண்டி என்ற பேச்சே அங்கே கிடையாது. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நல்ல காரியம். ஆனால் வெளியூர் பஸ்ஸில் ஏறுகிற டீச்சரம்மாளுக்கு அந்தச் சலுகை செல்லாது.

பட்டணத்துக்குள் சம்பளக்காரன் குடியிருக்க முடியாதபடி வாடகையை ஏற்றிவிட்டோம். அவன் வந்துபோக வண்டியாவது விடவேண்டாமா?

இதைச் சொல்லலாமென்று இரண்டு நாள் மாலையில் சிநேகிதர் வீட்டுக்குப் போனேன். இரண்டு நாளும் அவர் வந்து சேரவில்லை.