ஓவர்டைமுக்கு ரேட் பூஜ்யம்

லீவுக்கு ஸ்ரீரங்கம் போனவனைச் சித்தப்பா சும்மா விடவில்லை. சித்திரை வீதியில் ஒரு மாடியில் ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு, திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கத்து ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு ட்ராயிங் போட்டுத் தருகிறார். "ஏதோ மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்டாமே, நம்ம வேலையை அதுல ஏத்திக் குடுடா" என்றார்.

முதல் சிக்கல், ஒரு ஆளின் மணிக்கணக்கு ரேட். மாதச் சம்பளம் 20,000 என்றால் 26 நாள், 8 மணி நேரம் என்று வகுத்து 96 ரூபாய் என்கிறார் சித்தப்பா. அது கையில் கொடுக்கும் கூலி, அவ்வளவுதான். பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 3,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு, பண்டிகை, லீவு போக 285 நாள், 2,280 மணி. அதில் பில் போடக்கூடிய வேலை முக்கால்வாசிதான் (மீதி கரண்ட் கட், திருத்தம், டீ). 1,710 மணியால் வகுத்தால் சுமார் 175 ரூபாய் வருகிறது. வாடகை இன்னும் சேரவில்லை!

பில்லிங் ரேட்டுக்கு இந்த சாஃப்ட்வேரில் தனிக் கட்டமே கிடையாது. ஏ முதல் இ வரை ஐந்து ரேட் டேபிள் உண்டு. பலரும் ஏ-யில் செலவையும் பி-யில் பில்லிங்கையும் வைக்கிறார்கள். ஒரு வேலைக்கு ஒரு ஆளைப் போட்டால் ஒரு டேபிள்தான் ஓடும், ஆகவே இரண்டையும் ஒப்பிட எக்ஸெல்லுக்குத்தான் ஓட வேண்டும். சரி, போகட்டும்.

எனக்குக் கோபம் வந்தது ஓவர்டைம் கட்டத்தைப் பார்த்துத்தான். நாம் எதுவும் தட்டாவிட்டால் அதில் பூஜ்யம் நிற்கிறது. ஒரு வேலைக்கு 200 மணி, அதில் 60 மணி ஓவர்டைம் என்று பதிந்தேன். 140 மணிக்கு மட்டும் 24,500 ரூபாய் காட்டியது. பில் தொகை 35,000. லாபம் 10,500! பையன்கள் ராத்திரி எவ்வளவு நேரம் உட்கார்கிறார்களோ அவ்வளவு லாபம் ஏறுகிறது.

"மாசச் சம்பளம்தானே, பூஜ்யம் சரிதானே" என்று நீங்கள் கேட்கலாம். சித்தப்பாவும் அதையேதான் கேட்டார். ஆனால் ஆஃபீஸ்களுக்கான 1947ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது. பட்டறைகளுக்கு 1948 தொழிற்சாலைகள் சட்டம் சொன்னதும் அதுதான். அதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. அடுத்த கொட்டேஷனுக்கு இந்த ஃபைலைத்தான் காப்பி அடிப்போம். ஒருமுறை இலவசமாகப் போன ராத்திரி வேலை, அடுத்த ஆர்டரின் விலையிலேயே இலவசமாக உட்கார்ந்துவிடும். புரோக்ராம் எழுதியவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, "ரேட் என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

96-ஐ இரட்டிப்பாக்கி 192 என்று தட்டினேன். செலவு 36,020. லாபம் காணாமல் போய் 1,020 ரூபாய் நஷ்டம்.

சித்தப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, போன வருஷ ஃபைல்களையும் எடுக்கச் சொன்னார். ஒன்பது ஃபைல். இன்னும் நாலு பாக்கி இருக்கிறது.